சங்கிலியில் தொங்கிய சன்மானம்: 17ஆம் நூற்றாண்டுக் கடற்போர்ப் பதக்கங்கள்

தமிழில் பதக்கம் என்பது முதலில் நகை. சங்கிலியின் நடுவில் கோத்து, மார்புக்கு நேரே வந்து விழும் வில்லைக்குத்தான் அந்தப் பெயர். ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவரும் காவல்துறை அதிகாரியும் வாங்கும் 'மெடல்' என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்துக்கும் டச்சுக்காரர்களுக்கும் நடந்த கடற்போர்களில் அதிகாரிகளுக்குக் கொடுத்த பதக்கங்களைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய பொருளே சரியாக உதவும். அவற்றுக்கு வண்ண நாடாவோ சட்டையில் குத்தும் ஊசியோ கிடையாது. குத்திக்கொள்ளச் சீருடையும் இல்லை. ஆங்கிலேயக் கடற்படை அதிகாரிகளுக்குச் சீருடை வந்ததே 1748இல்தான். இருந்ததெல்லாம் தங்கச் சங்கிலியும் அதில் தொங்கும் தங்க வில்லையும். உத்தரவுகளில் முதலில் எழுதப்பட்டதும் வீரத்தின் வருணனை அல்ல, எத்தனை பவுண்டு மதிப்பில் செய்ய வேண்டும் என்பதுதான்.

1653ஆம் ஆண்டைப் பார்க்கலாம். மன்னர் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிய பிறகு இங்கிலாந்து குடியரசாக இருந்த காலம் அது. ஜூன் 2, 3 தேதிகளில் கபார்ட் மணல்திட்டுப் பக்கம் ஒரு பெரும் சண்டை. அதில் கடற்படைத் தளபதிகளில் ஒருவரான ரிச்சர்ட் டீன் பீரங்கிக் குண்டு பட்டு இறந்தார். ஜூலை 31இல் டச்சுக் கரையோரம் ஸ்கெவெனிங்கனுக்கு எதிரே இன்னொரு சண்டை. டச்சு அட்மிரல் மார்ட்டென் ட்ரோம்ப் அதில் உயிரிழந்தார். சரியாக எட்டாவது நாள், ஆகஸ்ட் 8 அன்று, லண்டன் நாடாளுமன்றம் பட்டியல் போட்டது: தளபதிகள் ராபர்ட் பிளேக், ஜார்ஜ் மங்க் இருவருக்கும் தலா 300 பவுண்டு மதிப்பில் தங்கச் சங்கிலி, வைஸ் அட்மிரல் வில்லியம் பென், ரியர் அட்மிரல் ஜான் லாசன் இருவருக்கும் தலா 100 பவுண்டு, கொடி பறக்கவிடும் உரிமை பெற்ற மற்ற நான்கு அதிகாரிகளுக்குத் தலா 40 பவுண்டு. ஒவ்வொரு சங்கிலியோடும் ஒரு பதக்கம். இவை போக, கப்பற்படையின் மற்ற அதிகாரிகளுக்குப் பதக்கம் செய்ய 500 பவுண்டு. ஸ்கெவெனிங்கன் சண்டையன்று தளபதி பிளேக் உடல்நலமின்றிக் கிடந்தார், கப்பலிலேயே இல்லை. ஆனாலும் பட்டியலில் முதல் பெயர் அவருடையதுதான்.

300 பவுண்டுக்கு எவ்வளவு தங்கம் வரும்? அன்றைய ஒரு பவுண்டு தங்கக்காசு ஏறக்குறைய 9.1 கிராம், 22 காரட். அப்படியானால் 300 பவுண்டுக்கு 2.7 கிலோவுக்கு மேல். நம் கணக்கில் சுமார் 340 சவரன். நூறு பவுண்டுக்கு 114 சவரன், நாற்பது பவுண்டுக்கு 45. செய்கூலி, சேதாரம் இந்தத் தொகைக்குள்ளேயே அடங்கும் என்பதால் கையில் வந்த தங்கம் இதைவிடக் குறைந்திருக்கும். ஆனாலும் மேல்வரம்பு இதுதான். அதே ஆண்டு தேர்ந்த கப்பலோட்டி ஒருவனுக்கு 28 நாள் மாதத்துக்கு 24 ஷில்லிங் (ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்) சம்பளம்; ஆண்டுக்கு 15 பவுண்டு 12 ஷில்லிங். பிளேக்கின் சங்கிலி அவனுடைய 19 ஆண்டு உழைப்பு.

அவனுக்குப் பதக்கம் கிடையாது. தரைப்படையில் நிலைமை வேறு: 1650இல் டன்பாரில் ஸ்காட்லாந்துப் படையை வென்றதற்காக அடித்த பதக்கம் சாதாரணப் படைவீரனையும் கணக்கில் வைத்துச் செய்தது. கடலில் வென்ற கப்பலோட்டிக்கு அரசு கொடுக்க நினைத்தது பணம்தான். அந்தப் பணமும் ஒழுங்காக வரவில்லை என்பது தனிக்கதை.

பணம் வந்த வழி

இந்தச் சன்மானங்களுக்கான பணம் பிடிபட்ட கப்பல்களிலிருந்து வந்தது. எதிரியின் கப்பலைப் பிடித்து, சரக்கோடு விற்று வரும் தொகையில் பத்தில் ஒரு பங்கு பழைய வழக்கப்படி நாட்டின் தலைமை அட்மிரலுக்குப் போகும். முடியாட்சி ஒழிந்ததும் அந்தப் பதவி காலியானது. வாங்க ஆளில்லாத அந்தப் பத்தில் ஒரு பங்கைச் சிறப்பான சேவை செய்த அதிகாரிகளுக்கும் மாலுமிகளுக்கும் பதக்கமாகவோ வேறு பரிசாகவோ கொடுக்கலாம் என்று 1649இல் நாடாளுமன்றம் ஒதுக்கியது. ஒரு பெரிய மனிதரின் மாமூல் வரும்படி, பொதுப் பரிசு நிதியாக மாறியது இப்படித்தான். அதே ஆண்டு பதக்க வடிவமும் முடிவானது: ஒரு பக்கம் நங்கூரமும் அதில் தொங்கும் இரண்டு கேடயங்களும், மேலே லத்தீனில் 'மெருயிஸ்டி' என்ற ஒற்றைச் சொல். 'இதற்கு நீ தகுதி பெற்றாய்' என்று பொருள். மறுபக்கம், கூடியிருக்கும் நாடாளுமன்றம்.

பிடித்த கப்பலில் பங்கு என்பது பெரிய தூண்டில். அதன் கோளாறும் அதிலேயே இருக்கிறது. பங்கு வர வேண்டுமென்றால் எதையாவது பிடித்திருக்க வேண்டும். வணிகக் கப்பல்களுக்குக் காவல் போனவர், எதிரியை விரட்டிவிட்டு ஒன்றையும் பிடிக்காமல் திரும்பினால் கையில் காசில்லை. எரியும் கப்பலை அணைத்துக் காப்பாற்றியவருக்கும் இல்லை. முதல் டச்சுப் போரின் நடுவே விதிகளை மாற்றி, பிடித்த கப்பலுக்கு டன் ஒன்றுக்கு 10 ஷில்லிங், அதோடு பீரங்கிக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ், அழித்த போர்க்கப்பலுக்கு பீரங்கிக்கு 10 பவுண்டு என்று வைத்தார்கள். அதுவும் எதிரிக்கு நேர்ந்த இழப்பை அளக்கும் கணக்குதான். நம் பக்கம் காப்பாற்றியதை அளக்க அதில் வழியில்லை.

தனி ஆளுக்கு, அவர் செய்த காரியத்தை எழுதிக் கொடுத்த பதக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் அவை இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. 1650இல் 22 பீரங்கிகள் கொண்ட 'அட்வென்ச்சர்' கப்பலின் கேப்டன் ராபர்ட் வயார்டுக்குக் கிடைத்ததில், ஜூலை 31, ஆகஸ்ட் 1 தேதிகளில் ஆறு கப்பல்களை எதிர்த்துச் செய்த சேவைக்கு என்று பொறித்திருக்கிறது. 1653 பதக்கத்திலேயே ஒரு தனி வகை உண்டு. டச்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் தீப்பிடித்த 'டிரையம்ஃப்' கப்பலைக் காப்பாற்றிய சிறந்த சேவைக்காக, ஜூலை 1653 என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கப்பலின் தளபதி ஜேம்ஸ் பீகாக் அந்தச் சண்டையில் இறந்தார்; தீயை அணைத்து நின்றவர்களுக்கே இந்தப் பதக்கம்.

முகம் இல்லாத பதக்கம்

1653 பதக்கத்தின் முன்பக்கத்தில் யாருடைய முகமும் இல்லை. நங்கூரம், அதில் தொங்கும் மூன்று கேடயங்களில் இங்கிலாந்தின் ஜார்ஜ் சிலுவை, ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ சிலுவை, அயர்லாந்தின் யாழ், சுற்றிலும் நங்கூரக் கயிறு. பின்பக்கம் கடற்போர்க் காட்சி, முன்னணியில் ஒரு கப்பல் மூழ்குகிறது. மன்னர் இல்லாத அரசு யார் தலையைப் போடும்? டன்பாரில் வென்ற படைத்தலைவர் கிராம்வெல், டன்பார் பதக்கத்தில் தன் முகம் வேண்டாம் என்று எழுதியும் போட்டுவிட்டார்கள். கடற்படையில் அந்தச் சிக்கலை நங்கூரத்தை வைத்துத் தாண்டினார்கள். இதனால் பின்னாளில் ஒரு பயனும் கிடைத்தது. 1660இல் முடியாட்சி திரும்பியபோது மங்க், பென், லாசன் மூவரும் புதிய மன்னரின் கப்பல்களில் தொடர்ந்தார்கள். கிராம்வெல் முகம் தாங்கிய தங்கத்தை வீட்டில் வைத்திருக்கும் சங்கடம் அவர்களுக்கு இல்லை. பிளேக் 1657இலேயே இறந்துவிட்டார். அவருடைய உடலை 1661இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயக் கல்லறையிலிருந்து தோண்டி வெளியே போட்டார்கள்.

பதவி வேறுபாட்டைக் காட்டியது ஓரச் சுற்றுதான். நடுவில் உள்ள வில்லை எல்லோருக்கும் ஒன்றே: நீள்வட்டம், ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர். உச்சத்தில் இருந்தவர்களுக்கு அதைச் சுற்றிப் போர்க்கருவிகளும் கப்பல் சின்னங்களும் அடர்ந்த அகலமான வேலைப்பாடு. அடுத்த நிலைக்கு வாகை இலைச் சுற்று. கேப்டன்களுக்குச் சுற்றே இல்லாத வெறும் வில்லை. தோள்பட்டைச் சின்னமோ பட்டையோ இல்லாத காலத்தில், பத்தடி தூரத்திலிருந்தே ஒருவரின் நிலையை இது சொல்லிவிடும்.

இவற்றைச் செய்தவர் தாமஸ் சைமன், லண்டன் நாணயச் சாலையின் தலைமைச் செதுக்காளர். அவருடைய வேலைப்பாட்டுக்கு நிகராக இங்கிலாந்தில் பிறகு நெடுங்காலம் எதுவும் வரவில்லை என்பது என் கருத்து. கூலி பாக்கிக்காக அரசுக்கு மனுப் போட வேண்டிய நிலை அவருக்கும் வந்தது.

வேலை நடக்கும் விதம் இது. மென்மையான எஃகுக் கட்டியில் உருவத்தைத் தலைகீழாக, பள்ளமாகச் செதுக்க வேண்டும். எழுத்து இடவலம் மாறி இருக்கும். மேடாகத் தெரிய வேண்டிய பாய்மரம் அச்சில் ஆழமான குழி. அவ்வப்போது மெழுகில் ஒற்றிப் பார்த்துக்கொண்டே போவார்கள். முடிந்ததும் எஃகைச் செந்தணலாகக் காய்ச்சி நீரில் முக்கிக் கெட்டிப்படுத்துவது. மாதக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் வீணாகும் கட்டம் இதுதான்: சூடு சீராக இல்லையென்றால் அச்சு முக்கும்போதே விரியும். கண்ணுக்குத் தெரியாத விரிசலோடு தப்பினால் அடிக்க அடிக்க அது வளரும். பதக்கத்தில் முடிபோல ஓர் மேட்டுக்கோடு ஓடுவதைப் பார்த்தால் அது கீறல் அல்ல, அச்சின் விரிசல். கோடு எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை வைத்து எந்தப் பதக்கம் முதலில் அடித்தது, எது பிறகு என்று வரிசைப்படுத்தலாம்.

நாணயம் தட்டையானது, ஓரடியில் விழும். பதக்கத்தின் உருவம் உயரமானது. ஓரடியில் உலோகம் அச்சின் ஆழம்வரை ஏறாது. அடித்து, எடுத்து, இறுகிப்போன வில்லையைக் காய்ச்சி இளக்கி, மறுபடி அதே இடத்தில் பொருத்தி அடிக்க வேண்டும். பொருத்தம் மயிரிழை தவறினால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் எழுத்து விழும். வெள்ளி போதுமான அளவு இளகாமல் இருந்தால் விளிம்பு வெடிக்கும். தங்கத்தில் அந்தத் தொல்லை குறைவு. பெரிய அளவு வேலைக்கு இன்னொரு வழி வார்ப்பு: மண்ணச்சில் உருக்கி ஊற்றி, பிறகு உளியால் விவரங்களைக் கூர்மையாக்குவது. வார்ப்பில் காற்றுக்குமிழி சிறு துளைகளாக நிற்கும். வெறும் தளம் மணல்போலச் சொரசொரக்கும். சைமனின் பெயரில் வருபவற்றில் அச்சடித்தவையும் உண்டு, வார்த்துச் செதுக்கியவையும் உண்டு.

1662இல் பியர் பிளாண்டோ என்ற பிரெஞ்சுக்காரரின் திருகு இயந்திரமும் உருளை ஆலையும் லண்டன் நாணயச் சாலையில் நிலைத்தன. சம்மட்டியால் அடித்த காலம் முடிந்தது. சைமனின் காலமும் அதோடு முடிந்தது: ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த ரோட்டியர் சகோதரர்கள் அரண்மனையின் ஆதரவைப் பெற்றார்கள். சைமன் 1665இல், கொள்ளைநோய் லண்டனைச் சூறையாடிய ஆண்டில் இறந்தார்.

மன்னர் திரும்பினார், முகமும் திரும்பியது

அதே 1665 ஜூன் 3இல், டச்சுக்காரர்களோடு நடந்த இரண்டாம் போரில், லோஸ்டாஃப்ட் சண்டை. இங்கிலாந்துக்கு வெற்றி. அதையொட்டி ஜான் ரோட்டியர் செதுக்கிய பதக்கத்தின் முன்பக்கம் முழுவதும் இரண்டாம் சார்லஸின் தலை. பின்பக்கம், ரோமானிய உடையில் மன்னர் கரையில் நின்று கடற்போரைப் பார்க்கிறார். அவர் அன்று கடலில் இல்லை. போரிட்டவர் தம்பி யார்க் கோமகன் ஜேம்ஸ். வாசகம் 'ப்ரோ தாலிபுஸ் ஆவ்சிஸ்', 'இத்தகைய துணிவுகளுக்காக'. இந்தச் சொற்களை ரோமானியக் கவிஞர் வர்ஜிலிடமிருந்து எடுத்தார்கள். அங்கே டிராய் நகரத்தின் கிழ மன்னர் பிரியாம், தன் கண் முன்னே மகனைக் கொன்றவனைப் பார்த்து 'இத்தகைய துணிவுகளுக்குத் தெய்வங்கள் உனக்குத் தக்க பரிசு தரட்டும்' என்று சபிக்கிறார். சாபத்தின் பாதியை வெட்டிப் பாராட்டாக ஒட்டியதைக் கவனித்து யாராவது சிரித்திருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

இந்தக் காலத்துப் பதக்க விதிகளில் எனக்கு மிக நுட்பமாகப் படுவது தீக்கப்பல்களுக்கானது. தீக்கப்பல் என்பது தார், கந்தகம், உலர்ந்த சுள்ளி நிரப்பிய பழைய கப்பல். அதை எதிரிக் கப்பலின் மேல் கொண்டுபோய் மோதி, கொக்கிகளால் பின்னவைத்து, திரியைப் பற்றவைத்துவிட்டுப் பின்னால் கட்டியிருக்கும் படகில் குதித்துத் தப்ப வேண்டும். எளிதில் கெடும் வேலை. குண்டு மழையில் நெருங்கும்போது பயம் மேலிட்டு நூறடி முன்னாலேயே பற்றவைத்துவிட்டுப் படகில் ஏறினால், காற்று திரும்பி அது வீணாக எரிந்து போகும். எதிரியின் படகுகளும் அதைக் கயிறு போட்டு இழுத்து விலக்கிவிடும். கடைசி நிமிடம்வரை சுக்கான் பிடிக்க ஆள் வேண்டும். ஆனால் எரிந்த கப்பலை விற்க முடியாது. பிடித்த கப்பலில் கிடைப்பதுபோலப் பங்கு இல்லை. பிறகு எவன் நிற்பான்?

யார்க் கோமகனின் போர் உத்தரவுகள் இதற்கு விடை வைத்தன. 40 பீரங்கிகளோ அதற்கு மேலோ உள்ள எதிரிப் போர்க்கப்பல் எரிந்தால், வேலை முடியும்வரை தீக்கப்பலில் நின்ற ஒவ்வொருவருக்கும் சம்பளத்துக்கு மேல் 10 பவுண்டு. சண்டை முடிந்த உடனே, அட்மிரலின் கப்பலிலேயே பட்டுவாடா. இறந்தால் வாரிசுக்கு. கேப்டனுக்குத் தங்கப் பதக்கம், அவருக்கும் அவர் சந்ததிக்கும் மரியாதைச் சின்னமாக. அதோடு பதவி உயர்வு. எரிந்தது எதிரி அட்மிரலின் கப்பல் என்றால் பணம் இரட்டிப்பு. பதக்கத்தில் அந்தச் சிறப்பும் பொறிக்கப்படும். 'வேலை முடியும்வரை நின்ற' என்ற நிபந்தனைதான் உயிர்நாடி. முன்னாலேயே படகில் குதித்தவனுக்கு ஒன்றுமில்லை. 10 பவுண்டு என்பது 24 ஷில்லிங் கணக்கில் எட்டு மாதத்துக்கு மேற்பட்ட சம்பளம். 'உடனே' என்ற சொல்லுக்கும் காரணம் உண்டு. சம்பளத்துக்குப் பதில் சீட்டு எழுதிக் கொடுத்து, அந்தச் சீட்டைப் பாதி விலைக்கு விற்க வேண்டிய நிலையில் மாலுமிகள் இருந்த காலம். 1667இல் டச்சுப் படை இங்கிலாந்தின் மெட்வே ஆற்றில் புகுந்தபோது, அந்தக் கப்பல்களிலிருந்து ஆங்கிலக் குரல்கள் கேட்டன: முன்பு சீட்டுக்காகச் சண்டை போட்டோம், இப்போது டாலருக்காக (டச்சு வெள்ளிக்காசு) போடுகிறோம் என்று.

டச்சுக்காரர்களின் முறை கொஞ்சம் வேறு. அவர்களும் தங்கச் சங்கிலியும் பதக்கமும் கொடுத்தார்கள். மெட்வே படையெடுப்பில் கேப்டன் யான் ஃபான் பிராக்கெல், மாலுமிகளைக் கரையில் கொள்ளையடிக்க விட்டதற்காகக் காவலில் இருந்தவர். விடுவித்தால் முன்னால் போகிறேன் என்று சொல்லிப் போய், ஆற்றின் குறுக்கே போட்ட சங்கிலித் தடையைக் காத்து நின்ற 'யூனிட்டி' கப்பலைப் பிடித்தார். கைதியாகத் தொடங்கிய பயணம் தங்கச் சங்கிலியில் முடிந்தது. மேலே இருந்த மூவருக்கு, அதாவது மிஹில் டி ராய்ட்டர், கார்னெலிஸ் டி விட், ஃபான் கென்ட் ஆகியோருக்கு, எனாமல் வேலைப்பாடு கொண்ட தங்கக் கிண்ணங்கள். டி ராய்ட்டருக்கு வெளிநாட்டு மன்னர்களும் கொடுத்தார்கள்: ஸ்வீடனுக்கு எதிராக 1659இல் உதவியதற்காக டென்மார்க் மன்னர் சங்கிலியும் பதக்கமும், 1666இல் பதினான்காம் லூயி தன் உருவம் பதித்த வைரப் பதக்கமும்.

கடைத்தெருவில் விற்ற டச்சு நினைவுப் பதக்கங்கள் இவற்றிலிருந்து வேறானவை. ட்ரோம்ப் இறந்ததும் அவர் உருவத்தோடு வந்தவை பல. அவற்றில் பெயர் பெற்றவை உள்ளீடற்றவை: இரண்டு மெல்லிய வெள்ளித் தகடுகளில் உருவத்தை எழுப்பி, விளிம்பில் பற்றவைத்து ஒன்றாக்கியது. குறைந்த வெள்ளியில் உள்ளங்கை அளவு, நல்ல உயரமான முகம். வெற்று வயிறு என்பதால் கீழே விழுந்தால் நசுங்கும். பற்றுவாய் விட்டுப்போகும். மூக்கும் தலைமுடியும் தேய்ந்து ஓட்டை விழும். யாரும் காசு கொடுத்து வாங்கலாம். வைத்திருப்பவர் போரில் இருந்தார் என்பதற்கு அது சான்றல்ல.

இந்தக் கடைச் சரக்குதான் அரசியலில் அதிகம் உறுத்தியது. இரண்டாம் போரை முடித்த 1667 பிரெடா சமாதானத்தை ஒட்டி ஆம்ஸ்டர்டாமில் வந்த ஒரு பதக்கத்தில் 'மாலா பெஸ்டியா', 'கொடிய மிருகமே, அப்பால் போ' என்ற வாசகம் இருந்தது. மிருகம் யார் என்று லண்டனில் யாருக்கும் சந்தேகமில்லை. 1672 மார்ச்சில் இங்கிலாந்து மூன்றாம் போரை அறிவித்தபோது, டச்சு ஊர்களெல்லாம் தம்மை இழிவுபடுத்தும் படங்களாலும் பொய் வரலாற்றுப் பதக்கங்களாலும் நிறைந்திருப்பதாக மன்னரின் பிரகடனமே குறை சொன்னது. உண்மைக் காரணம் பிரான்சோடு செய்த ரகசிய ஒப்பந்தம். ஆனாலும் போர்ப் பிரகடனத்தில் ஏறும் அளவுக்குப் பதக்கம் கண்ணை உறுத்தியிருக்கிறது.

அடுத்த இருபது ஆண்டில் கூட்டணி தலைகீழானது. 1692 மே மாதம் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் சேர்ந்து பிரெஞ்சுக் கப்பற்படையை முறியடித்தார்கள். லா ஹோக் கடற்கரையில் 12, ஷெர்பூர்க்கில் 3 என்று 15 பெரும் போர்க்கப்பல்கள் எரிந்தன. எரிந்தவற்றை விற்றுப் பங்கு பிரிக்க வழியில்லை. அரசி மேரி, படையினருக்குப் பிரித்துக் கொடுக்க 30,000 பவுண்டும் அதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கமும் என்று உத்தரவிட்டார். பிறகு பத்தில் ஒரு பங்கு பழையபடி பதக்கங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அப்படிக் கிடைத்த இரண்டு, கடற்படை அதிகாரிகளே அல்லாதவர்களுக்குப் போனது. தென் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துச் சிறுகப்பல் உரிமையாளர் பீட்டர் ஜாலிஃப், 1694இல் பிரெஞ்சுக் கொள்ளைக்கப்பல் பிடித்துப் போன வேமவுத் மீன்பிடிக் கப்பலை மீட்டார். எதிரியை லுல்வொர்த் பக்கம் கரை தட்ட விரட்டி உடைய வைத்தார். இவ்வளவும் அவருடைய பதக்கத்திலேயே எழுதியிருக்கிறது. அடுத்த ஆண்டு அதே ஊர் வில்லியம் தாம்சன், ஓர் ஆளும் ஒரு பையனும் மட்டும் துணைக்கு, மீன்பிடிப் படகிலிருந்து ஒரு பிரெஞ்சுக் கொள்ளைப் படகையே பிடித்துக் கொண்டுவந்தார். அவருக்கு 50 பவுண்டு மதிப்பில் சங்கிலியும் பதக்கமும்.

இன்று அருங்காட்சியகத்திலோ ஏலப் பட்டியலிலோ ஒன்றைப் பார்த்தால், முதலில் பார்க்க வேண்டியது மேல்விளிம்பு. பரிசாக வந்ததற்கு வளையம் இருக்கும், அல்லது வளையம் இருந்து அறுந்த தடம் இருக்கும். சங்கிலி உரசி ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். வளையமில்லாத வெள்ளி என்றால் பெரும்பாலும் நினைவுப் பதக்கம். அடுத்தது தேதி. இங்கிலாந்து பழைய நாட்காட்டியில் பத்து நாள் பின்தங்கியிருந்தது. ஆங்கிலேயருக்கு ஜூலை 31 என்ற ஸ்கெவெனிங்கன், டச்சுப் பதக்கத்தில் ஆகஸ்ட் 10. இரண்டும் ஒரே சண்டைதான், எந்தப் பட்டறை என்பதுதான் வேறு. மூன்றாவது அளவு. அசலை அச்சாக வைத்து மறுபடி வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும். நகல் விட்டத்தில் ஒன்றிரண்டு சதவீதம் சிறுத்து, எழுத்து முனைகள் மழுங்கியிருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அருங்காட்சியகங்களுக்காகவே மின்முலாம் முறையில் செய்த நகல்கள் இவற்றைவிட ஏமாற்றும்: உருவம் மயிரிழை பிசகாது. ஆனால் அவை முன்னும் பின்னும் தனித்தனி ஓடாக வளர்த்து உள்ளே ஈயம் ஊற்றிச் சேர்த்தவை. விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக்கோடு ஓடும், தட்டினால் ஓசை மழுங்கியிருக்கும். தங்க முலாம் பூசியிருந்தாலும் தராசில் வைத்தால் தெரிந்துவிடும்: ஈயம் தங்கத்தின் எடையில் பத்தில் ஆறு பங்குதான்.